பழைய ஷெட்ட கோழிக்கூடா மாத்தப் போறீங்களா?

பின்னாடி பழைய ஷெட் சும்மா கெடந்தா இடிச்சிடாதீங்க, அருமையான கோழிக்கூடு அது. ஆனா சிங்கப்பூர்ல தரை வீட்டுக்காரங்களுக்குத்தான் இது, அதுவும் 10 கோழி வரைக்கும்தான், வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல வளக்க அனுமதி இல்ல.

முதல்ல காத்து! நம்ம ஊரு புழுக்கத்துல மூடுன ஷெட்டுக்குள்ள கோழி வாயத் தொறந்து, றெக்கைய விரிச்சிக்கிட்டு மூச்சு வாங்கும், பாக்கவே பாவமா இருக்கும், அதனால எதிரெதிர் சுவத்துல கூரைக்குக் கீழ நீளமா வெட்டி எடுத்துட்டு வலை அடிச்சிடுங்க, சூடும் எச்ச நெடியும் மேல போயிடும். வலைன்னா கடைல கோழி வலைன்னு விக்கிற மெலிசு வலை வேணாம், எலி கடிச்சிடும், குட்டி மலைப்பாம்பும் நுழஞ்சிடும். அரை இன்ச் ஓட்டை வெல்டிங் கம்பி வலைதான் சரி, காசு கூடத்தான், பரவால்ல. சுத்தி ஒரு அடி ஆழம் மண்ணுல புதைங்க. நான் கதவுக்கு அடியில ரெண்டு விரல் சந்து விட்டுட்டேன், அன்னிக்கு ராத்திரியே எலி வந்து தீனி மூட்டைய கிழிச்சிடுச்சு.

ஒரு கோழிக்கு 4 சதுர அடியாவது விடுங்க. ராத்திரி கோழி ஏறி உக்காந்து தூங்குற கட்டைய, முட்டை இடுற பெட்டிய விட ஒசரமா வைங்க, இல்லன்னா பெட்டியிலயே தூங்கி எச்சம் போட்டு முட்டையெல்லாம் அழுக்காயிடும்.