காஞ்ச சதுப்ப பார்த்து "இங்க ஒண்ணுமில்ல"னு எழுதிடாதீங்க

நுவரெலியா பக்கம் தோட்டத்துக்கு கீழ உள்ள பள்ளங்கள் மழைக்கு முழங்கால் அளவு நெறஞ்சு மாசி பங்குனில வெடிச்சுக் கிடக்கும், ப்ராஜெக்ட் செய்ற பிள்ளைங்க அந்த நேரம் ஒரே ஒரு தடவ போய் பார்த்துட்டு உயிரே இல்லனு ரிப்போர்ட் எழுதுறாங்க, எனக்கு மனசு கேக்கல. தண்ணித்தெள்ளுப்பூச்சி மாதிரி சின்னதுகளோட முட்டை அந்தக் காஞ்ச சேத்துக்குள்ளயே மழைக்காக காத்திருக்கும், சில நத்தைகளும் வாய மூடிக்கிட்டு உள்ள படுத்திருக்கும். ஒரு பிடி மண்ண பேசின்ல போட்டு மழைத்தண்ணி ஊத்தி ஒண்ணு ரெண்டு கிழமை வச்சுப் பாருங்க, புள்ளி புள்ளியா துள்ளும். குளோரின் போட்ட பைப் தண்ணி வேணாம்.

மழை வந்த பிறகும் ஒரு நாள் போனா பத்தாது. சேத்துல இருந்து பொரிக்கிறதும் பறந்து வர்ற தண்ணி வண்டும்தான் முதல்ல, தும்பி வந்து முட்டை வச்சு அது பெருசாக நாளாகும், அதால தேதியும் தண்ணி ஆழமும் ஒவ்வொரு தடவையும் எழுதிக்கங்க.

எனக்கு பெரிய தவறா படுறது, கிடைச்ச பூச்சி புழுவ வச்சு தண்ணி எவ்வளவு சுத்தம்னு புள்ளி போடுறதுதான், புள்ளி கூடினா சுத்தம்னு கணக்கு. பிரிட்டன்ல ஓடுற ஆறுகளுக்குனு செஞ்ச பிஎம்டபிள்யூபி (BMWP)ங்கிற புள்ளி முறைல, கல்லுல ஒட்டி வாழுற தட்டையான மேஃபிளைங்கிற பூச்சியோட குஞ்சுக்கு 10, மீன் தொட்டிக்கு போடுற, கொசு மாதிரி ஒரு பூச்சியோட குஞ்சான அந்த செவப்புப் புழுவுக்கு வெறும் 2. ஆனா நிக்கிற தண்ணில இலை தழை அழுகுறதால ஆக்சிஜன் குறையும், ராத்திரில இன்னும் குறையும், அது இயற்கை. அந்தப் புழுவோட செவப்பே நம்ம ரத்தத்துல இருக்கிற மாதிரி ஹீமோகுளோபின்தான், குறைஞ்ச ஆக்சிஜன்ல அது தாக்குப் பிடிக்கிறதே அதாலதான். அப்ப புள்ளி குறைஞ்சா அழுக்குத் தண்ணினு எப்படி சொல்றது? மேல மரக்கறித் தோட்டத்து மருந்து இறங்குதுனு சந்தேகமா, மருந்து போகாத இதே மாதிரி இன்னொரு சதுப்ப அதே கிழமைல பார்த்து ஒப்பிடுங்க.

நடுத்தண்ணில மட்டும் வலை போடாதீங்க, கரையோரப் புல்லு, தண்டு, அழுகின இலைக்குள்ளதான் கூட்டம். எல்லாத்தையும் ஒரே போத்தல்லயும் போடாதீங்க, நான் முதல் தடவ அப்படிப் போட்டு வீட்டுக்கு வரும்போது தும்பிக் குஞ்சு மத்ததயெல்லாம் தின்னு முடிச்சிருந்துச்சு, அதோட கீழ் உதடு கை மாதிரி நீண்டு பிடிக்கும்.

ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்கா, வனஜீவராசிகள் திணைக்கள அனுமதி இல்லாம அங்க ஒரு நத்தையும் எடுக்கக் கூடாது. கால்ல புண்ணோட சேத்துல இறங்காதீங்க, எலிக்காய்ச்சல் வரலாம், பூட்ஸ் போடுங்க.