பழைய சொல்லை அழித்தால் மட்டும் போதாது: நூலகப் பட்டியல் திருத்தத்தில் நேரும் தவறுகள்

1921-இல் அமெரிக்காவின் டல்சா நகரில் வெள்ளையர் கும்பல் ஒன்று, கறுப்பின மக்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியைத் தீயிட்டுக் கொளுத்தியது. அதைப் பற்றிய புத்தகங்கள் வெகுகாலம் 'டல்சா இனக் கலவரம்' என்ற பொருள் தலைப்பின் (நூல் எதைப் பற்றியது என்று நூலகப் பட்டியலில் குறிக்கும் சொல்) கீழ்தான் இருந்தன. கலவரம் என்றால் இரு தரப்பும் சமமாக மோதிக்கொண்டதாகத் தொனிக்கும். 2021-இல்தான், பல நூலகங்கள் பின்பற்றும் தலைப்புப் பட்டியலை வைத்திருக்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், அதைப் 'படுகொலை' என்று மாற்றியது. இப்படிப்பட்ட தலைப்புகளைத் திருத்தியே ஆக வேண்டும். ஆனால் அவசரத்தில் திருத்தினால் புதுச் சிக்கல் வரும்.

அதிகம் நடக்கும் தவறு, கணினியில் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றுவது. 'சட்டவிரோத அந்நியர்' என்ற தலைப்பை மாற்றச் சொல்லி 2014-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் கேட்டார்கள். 2016-இல் காங்கிரஸ் நூலகம் ஒப்புக்கொண்டும், அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு கிளம்பியதால் அது நின்றுபோனது. 2021 நவம்பரில்தான் மாற்றம் வந்தது. அந்த ஒரு தலைப்பின் இடத்தில் இரண்டு வந்தன: 'குடிமக்கள் அல்லாதோர்', 'சட்டவிரோதக் குடியேற்றம்'. எல்லைக் கொள்கையை அலசும் நூலுக்கு இரண்டாவது பொருந்தும். ஆவணமில்லாமல் வளர்ந்த ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கதைக்கும் அதையே ஒட்டினால் பழைய காயம் அப்படியேதான் இருக்கும். புத்தகத்தைப் புரட்டிப் பார்க்காமல் இதை முடிவு செய்ய முடியாது.

கணினிக் கட்டளை நூலின் பெயரிலும் கை வைத்துவிடும். 'தீண்டத்தகாதோர்' என்ற பொருள் தலைப்பு இன்று 'தலித்துகள்' என்று மாறியிருக்கிறது, சரி. அதற்காக 1933-இல் காந்தி தொடங்கிய 'ஹரிஜன்' இதழின் பெயரை மாற்றலாமா? கூடாது. அச்சில் இருக்கும் பெயர் (நூலகப் பதிவுகளைக் கணினியில் எழுதும் 'மார்க்' வடிவத்தில் 245-ஆம் புலம்) அப்படியே இருக்கட்டும். திருத்தம், பொருள் தலைப்பு இருக்கும் 650-ஆம் புலத்துக்குத்தான்.

அப்புறம் இன்னொரு தவறு, பழைய சொல்லைத் துடைத்தெறிவது. அந்தச் சொல்லோடு வளர்ந்த வாசகர் அதைத்தானே தட்டச்சு செய்வார்? அத்தாரிட்டி பதிவில் (எது ஏற்ற தலைப்பு, அதற்கு வேறு சொற்கள் எவை என்று சொல்லும் தனிப் பதிவு) அதை 'பார்க்க' குறிப்பாக, அதாவது புதிய தலைப்பைக் காட்டும் வழிகாட்டியாக வைத்தால், அவர் புதிய தலைப்புக்கு வந்து சேர்வார். புத்தகப் பதிவை மட்டும் மாற்றி அத்தாரிட்டி பதிவை விட்டுவிட்டால், அடுத்த புதுப்பித்தலிலேயே பழைய சொல் திரும்பி வந்துவிடலாம்.

மேலிடம் மாற்றட்டும் என்று காத்திருப்பதும் தவறுதான். டார்ட்மவுத் மாணவர்கள் கேட்டது 'ஆவணமற்ற குடியேறிகள்' என்ற சொல்லை. ஏழு வருடம் கழித்து வந்த மாற்றத்திலும் அது இல்லை. 'சட்டவிரோத' என்ற சொல்லும் முழுதாகப் போகவில்லை. தங்கள் பட்டியலில் தாங்களே மாற்றிக்கொண்ட நூலகங்கள் உண்டு. அப்படிச் செய்யும்போது அந்தச் சொல்லால் சுட்டப்படும் மக்களிடம் முதலில் கேளுங்கள். 650-இன் இரண்டாம் குறியீட்டை (சொல் எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்று காட்டும் எண்) 7 என்று வைத்து, உள்ளூர்ச் சொல் என்றும் குறியுங்கள். 0 என்றே விட்டால் அது காங்கிரஸ் நூலகத்தின் சொல் என்றாகிவிடும். எதை, எப்போது, ஏன் மாற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், உங்களுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருபவர் பழையதைத் திரும்பப் போட மாட்டார்.