சர்ரேயில் குடியேறுபவர்களுக்கு: எந்தக் கவுன்சில், எதற்கு?

இங்கிலாந்தின் சர்ரேயில் வாடகை வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் கரண்ட், காஸ், வைஃபை என்று ஓடுவோம். அதே வாரத்தில் உள்ளாட்சி மன்றமான கவுன்சிலிலும் பெயரைப் பதிந்துவிடுங்கள். பதியாமல் விட்டால் குடிவந்த நாளிலிருந்து கணக்குப் போட்டு கவுன்சில் டாக்ஸ், அதாவது உள்ளாட்சி வீட்டு வரி, மொத்தமாக வந்து நிற்கும். கில்ஃபோர்டிலும் செர்ட்சியிலும் ரெட்ஹில்லிலும் மருத்துவமனை வேலைக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு முதல் சில மாதச் சம்பளத்தில் இது பெரிய அடி.

சரி, எந்தக் கவுன்சில்? 1974 முதல் இங்கே இரண்டு அடுக்கு. மேலே சர்ரே கவுன்டி கவுன்சில். கீழே வோக்கிங், கில்ஃபோர்ட், எப்சம் அண்ட் யூவெல் என்று பதினொரு டிஸ்ட்ரிக்ட், பரோ கவுன்சில்கள். குப்பைத் தொட்டி (பின்) எடுப்பது, கவுன்சில் டாக்ஸ் வசூல், வீட்டு உதவி, வாக்காளர் பட்டியல் எல்லாம் கீழே. பள்ளி இடம், சாலைப் பள்ளம், நூலகம், முதியோர் பராமரிப்பு, பிறப்புப் பதிவு எல்லாம் மேலே. வரி ஒரே பில்லாக வருவதால் எல்லாம் ஓரிடம் என்று நினைத்து, பள்ளி விஷயத்துக்குப் பரோவுக்குப் போன் செய்து காத்திருப்பவர்கள் நிறைய. குடிநீர் மட்டும் இரண்டிலும் சேராது. அது தனி நிறுவனம், தனி பில். ஊரில் மாநகராட்சியிடம் தண்ணீருக்குப் போய்ப் பழகிய நமக்கு இது புதிது.

இந்த இரட்டை ஏற்பாடுதான் இப்போது முடிவுக்கு வருகிறது. 2024 டிசம்பரில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, இங்கிலாந்தில் இன்னும் இரண்டு அடுக்காக இருக்கும் பகுதிகள் எல்லாம் ஒற்றை அடுக்குக்கு, அதாவது யூனிட்டரி கவுன்சிலுக்கு மாற வேண்டும் என்றது. சர்ரே முன்வரிசையில் இருக்கிறது. பன்னிரண்டு கவுன்சில்கள் போய் கிழக்கு சர்ரே, மேற்கு சர்ரே என்று இரண்டு வரும். எப்சம், எல்ம்பிரிட்ஜ், மோல் வேலி, ரைகேட் அண்ட் பான்ஸ்டெட், டான்ட்ரிஜ் கிழக்கில். மற்ற ஆறும் மேற்கில். புது மன்றங்களுக்கான தேர்தல் 2026 மே மாதத்துக்கு வைக்கப்பட்டது. பொறுப்பு கைமாறும் நாள் 2027 ஏப்ரல் 1.

மேற்குப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஜூனில் வோக்கிங் கவுன்சில், வரவு செலவைச் சமன் செய்ய முடியவில்லை என்று 114ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டது. முதலீட்டுக்காக வாங்கிய கடன் நூறு கோடி பவுண்டையும் தாண்டியிருந்தது. அதில் 50 கோடி பவுண்டை அடைக்க உதவுவதாக அரசு சொல்லியிருக்கிறது. மீதி யார் தலையில் விழும் என்ற கவலை பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் இருக்கிறது, அது நியாயமான கவலைதான். இதற்காக வோக்கிங்கில் வீடே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வரும் ஆண்டுகளின் கவுன்சில் டாக்ஸ் பில்லைக் கவனமாகப் படியுங்கள்.

அந்தப் பில்லைப் பற்றி இன்னும் கொஞ்சம். வீட்டின் 1991 மதிப்பை வைத்து ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவுகள். தனியாக இருந்தால் 25 சதவீதம் தள்ளுபடி. வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரியே இல்லை. இந்த இரண்டையும் எந்த விசாவில் இருந்தாலும் தயங்காமல் கேளுங்கள். ஆனால் குறைந்த வருமானத்துக்கான 'கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன்' வேறு. அது அரசு உதவிக் கணக்கில் வரும். உங்கள் விசாவில் 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்', அதாவது அரசு உதவி பெறக்கூடாது, என்று இருந்தால் அதன் பக்கம் போகாதீர்கள், பின்னால் விசாவுக்கே சிக்கல். பெயர் மிக ஒத்திருப்பதால் மாட்டிக்கொள்கிறார்கள்.

கைமாறும் காலத்தில் நேரடிப் பற்று, அதாவது டைரக்ட் டெபிட், வழக்கமாகத் தானாகவே புதுக் கவுன்சிலுக்குப் போய்விடும். நீங்களே மாதாமாதம் வங்கியிலிருந்து அனுப்புபவர் என்றால் புதுக் கணக்கு எண் வேண்டும். அதைப் புதுப் பில்லிலிருந்து மட்டும் எடுங்கள். 'கவுன்சில் மாறுகிறது, வங்கி விவரம் தாருங்கள்' என்று போனோ குறுஞ்செய்தியோ வந்தால் நம்ப வேண்டாம். பின் எடுக்கும் நாளும் பின்னின் நிறமும் ஒரே நாளில் ஒன்றாகிவிடாது. பழைய எல்லைப்படியே சில காலம் ஓடும். வீட்டிலிருந்து இட்லி மாவோ சாப்பாடோ விற்க நினைப்பவர்கள் தொடங்குவதற்கு 28 நாள் முன்பே உணவுத் தொழில் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. இப்போது அது பரோவில், பிறகு யூனிட்டரியில்.

அப்புறம், ஓட்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை உள்ளவர்கள் செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசித்தால், பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமலே எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். காமன்வெல்த் நாட்டவருக்கு உள்ள உரிமை இது. நம்மவர்களில் பலருக்கு இது தெரியாமலே பல வருடம் போய்விடுகிறது. எனக்கு அது பெரிய வருத்தம். வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் கேட்பார்கள். உங்கள் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டே போதும். பட்டியலில் பெயர் இருப்பது வங்கிக் கடன் பரிசோதனைக்கும் உதவும்.

2027 செப்டம்பரில் பள்ளியின் முதல் ஆண்டான ரிசப்ஷன் வகுப்பில் சேரும் பிள்ளை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. விண்ணப்பக் கடைசி நாள் 2027 ஜனவரி 15, அதைக் கவுன்டி கவுன்சிலுக்கு அனுப்புவீர்கள். இடம் சொல்லும் நாள் ஏப்ரல் 16. இடையில் ஏப்ரல் 1 வந்துவிடும், கவுன்டி இருக்காது. பதில் புதுக் கவுன்சிலின் பெயரில் வந்தால் பதறாதீர்கள், உங்கள் விண்ணப்பம் அங்கே போயிருக்கும். விண்ணப்பித்ததற்கான மின்னஞ்சலை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள்.