சுவர் ஓதமும் பூசணமும்: குழந்தை இருக்கும் வீட்டில் செய்ய வேண்டியவை

பாலாற்றைத் 'தண்ணீர் இல்லாத ஆறு' என்று கேலி பேசியே பழகிய வேலூர்க்காரர்களுக்கு, தம் வீட்டுச் சுவரிலும் ஓதம் ஏறும் என்பது எளிதில் மனத்தில் படுவதில்லை. ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்து, சன்னல்களை அடைத்தே வைத்திருந்த பிறகுதான் பீரோவுக்குப் பின்னால் கரும்புள்ளிகள் தெரிகின்றன. சத்துவாச்சாரியில் குடியிருந்தபோது அத்தகைய புள்ளிகளின் மேல் பெயின்ட் அடித்து மறைத்தேன். தை பிறப்பதற்குள் பெயின்ட் பொரிந்து உதிர, அதனடியில் பூசணம் முன்னிலும் அகலமாகப் படர்ந்திருந்தது.

முதலில், அது பூசணம்தானா என்று பாருங்கள். வெள்ளை மாவு போல் பூத்திருப்பது பெரும்பாலும் உப்பு; ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். பூசணம் கரையாது, ஈரத்துணியால் தொட்டால் மை போல் இழுபடும், மக்கிய வாடையும் வீசும்.

அடுத்து, ஈரம் வரும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் காற்றில்தான் ஈரம் மிகுந்திருக்கிறது. முதல் வகையென்றால் மாடிக்கு ஏறித் தட்டோட்டு இணைப்புகளையும், மழைநீர்க் குழாயின் வாயில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். குளியலறைக் குழாயையும் விடாதீர்கள். இரண்டாவது வகையென்றால் அறைக்குள் துணி உலர்த்துவதை நிறுத்தி, பீரோவைச் சுவரிலிருந்து அரையடி தள்ளிவைத்து, காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்யும் நாளில் குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது. என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பூசணத்தை முதலில் நனையுங்கள்; உலர்ந்தபடியே துடைப்பத்தால் தட்டினால் அதன் வித்துகள் வீடெங்கும் பறக்கும். பிறகு சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு தேய்த்து எடுங்கள். ப்ளீச்சிங் பவுடர் போட்டால் போதும் என்பார்கள். ஆனால் செத்த பூசணமும் ஒவ்வாமை தரும் என்பதால் அதைத் தேய்த்து அகற்றியே ஆக வேண்டும். கழிப்பறை ஆசிடுடன் ப்ளீச்சிங்கை ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மூன்றடிக்கு மூன்றடிக்கு மேல் படர்ந்திருந்தால் அனுபவமுள்ள ஆளை அழையுங்கள்.

தேய்த்து முடித்த பின்னரே மின்விசிறியைப் போட்டு, சுவர் முழுவதும் உலர்ந்ததும் சுண்ணாம்பு அடிக்கலாம். அதன் காரத்தன்மையில் பூசணம் எளிதில் வளராது. பூசணம் ஏறிய இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டு மீட்க முயல வேண்டாம், பஞ்சையே மாற்றிவிடுங்கள்.

ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமல், வீசிங், ஆஸ்துமா ஆகியவை கூடுதலாகக் காணப்படுவதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் குறிப்பிட்டுள்ளது. குழந்தையின் மூச்சுக்குழல் குறுகலானது. எடைக்கு ஏற்பப் பார்த்தால் குழந்தை பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. ஆகவே வீட்டில் இருக்கும்போது மட்டும் தும்மலும் இரவு இருமலும் வந்து, ஊருக்குப் போனால் அவை தணிகின்றனவா என்று கவனியுங்கள். மூச்சு விடும்போது விலாவுக்கடியில் குழி விழுந்தாலோ, பேசவோ பால் குடிக்கவோ குழந்தை திணறினாலோ, விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே அந்தச் சுவரைப் பற்றியும் சொல்லுங்கள். கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று இருந்தால் மருத்துவருக்கு உதவும்.