பிறந்ததும் அழாத குழந்தை: கால்சியம் பற்றி நாம் செய்யும் தவறுகள்

பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறி, மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துவிட்டது. அதனால் மூளைக்குள் கால்சியம் நிலை குலைந்திருக்கிறது என்று யாரோ சொல்கிறார்கள். உடனே பாட்டி கேட்பார்: "மாசமா இருந்தப்ப கால்சியம் மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டியாம்மா?" தையல் வலியோடு படுத்திருக்கும் அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள்.

மூளையில் கால்சியம் குறைந்துபோவது இங்கே பிரச்சினை இல்லை, இடம் மாறுவதுதான் பிரச்சினை. நரம்புச் செல்லுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே கால்சியம் சுமார் 10,000 மடங்கு அதிகம். அதை வெளியிலேயே நிறுத்திவைக்க, செல்லின் பம்புகள் ஓயாமல் ஓட வேண்டும். அதற்கான எரிபொருள் ஏடிபி. ஆக்சிஜன் நின்றால் சில நிமிடங்களில் ஏடிபி தீர்ந்து, பம்புகள் படுத்துவிடும். அப்புறம் நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் வேதிப்பொருளான குளுட்டமேட் வெளியே கொட்டி, என்எம்டிஏ என்ற வாசல்களைத் திறக்கும். அதன் வழியே கால்சியம் உள்ளே பாய்ந்து, செல்லின் புரதங்களை வெட்டும் நொதிகளைக் கிளப்பிவிடும். ரத்தத்திலும் கால்சியம் இறங்கலாம். அதை மருத்துவர் தனியாகப் பார்த்துச் சரிசெய்வார்.

"பிஞ்சு மூளை, தாங்கிக்கும்" என்பது அரை உண்மை. அதற்குத் தேவைப்படும் சக்தி குறைவு, சரி. ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்வதற்கென்றே அந்த வாசல்கள் அதிக நேரம் திறந்திருக்கும். மக்னீசியம் போடும் தாழ்ப்பாளும் தளர்வு. கற்கக் கொடுத்த வழியிலேயே சேதமும் நுழைகிறது.

குழந்தை அழுததும் "இனி பயமில்லை" என்று வீட்டுக்குக் கிளம்பத் துடிப்பது பெரிய தவறு. மூளைச் செல்களின் சக்தி மீண்டதுபோல் தெரிந்து, 6 மணி நேரத்துக்குப் பிறகு மறுபடி சரியலாம், வலிப்பும் வரலாம். அதனால்தான் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சையை முதல் 6 மணி நேரத்துக்குள் தொடங்குகிறார்கள்: 33.5 டிகிரி செல்சியஸ், 72 மணி நேரம். ஈரத்துணி போர்த்தி வீட்டில் முயலவே கூடாது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடந்த ஹீலிக்ஸ் ஆய்வில் (2021) இந்தச் சிகிச்சை பலன் தரவில்லை, இறப்பும் கூடியது. ஆகவே மருத்துவர் குளிர்விக்கவில்லை என்றால் அலட்சியம் என்று நினைக்காதீர்கள், காரணம் கேளுங்கள். காய்ச்சல் ஏறவிடாமல் பார்ப்பது எப்படியும் முக்கியம்.

வேறு மருத்துவமனைக்கு மாற்றினால், பிறந்த நேரத்தையும் மூச்சு வர எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்த 6 மணி நேரம் பிறந்த நிமிடத்திலிருந்தே ஓடுகிறது.