டென்மார்க்கில் ஒரு கோடைப் பாடம்: நீடித்த வளர்ச்சி படிக்கச் செல்லும் பொறியியல் மாணவர்களுக்கு

பொறியியல் மாணவர்களுக்காக ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் கோடைகாலப் பாடங்களில், நீடித்த வளர்ச்சியை மையமாகக் கொண்டவை இப்போது நிறையவே உள்ளன. அவற்றில் சில உண்மையான பாடங்கள். சில, சான்றிதழ் வழங்கும் சுற்றுலாக்கள். இரண்டையும் பிரித்தறிந்து தேர்ந்தெடுப்பதற்கும், தேர்ந்தெடுத்தபின் முழுப் பயன் பெறுவதற்குமான வழிமுறைகளை டென்மார்க்கை முன்வைத்து இங்கே தருகிறேன். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது ஏறத்தாழ முழுவதும் இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்த அந்நாடு, பிறகு காற்றாலைக்கும், வீடுகளுக்குக் குழாய்வழியே அனுப்பப்படும் வெப்பத்துக்கும் திரும்பியது. அந்த மாற்றத்தின் முக்கியச் சான்றுகள் பலவற்றைக் கோபன்ஹேகனில் தங்கியபடியே பார்த்துவிடலாம். மின்காந்தவியலுக்கு வழிதிறந்த ஓர்ஸ்டெட் 1829இல் நிறுவிய டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நகரை ஒட்டிய லிங்பியில்தான் இருக்கிறது.

முதல் தடை நாட்காட்டியில் வரும். நமக்குக் கோடை என்பது ஏப்ரலும் மே மாதமும். அங்கே அது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நம் பல்கலைக்கழகங்களின் பருவத்தேர்வு ஜூன் வரை நீள்வதும், அடுத்த பருவம் ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ தொடங்குவதும் வழக்கமாகையால், எட்டு வாரப் பாடத்தைவிட ஜூலையில் அடங்கிவிடும் மூன்று வாரப் பாடமே பெரும்பாலோருக்குப் பொருந்தும். தேர்வு அட்டவணை வெளிவராத நிலையில் திரும்பப் பெற முடியாத விமானச்சீட்டை வாங்க வேண்டாம். வகுப்பு தொடங்கியபின் திரும்புவதாக இருந்தால், வருகைப்பதிவுக்கான அனுமதியைத் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

பாடத்தின் தரத்தை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. ஐரோப்பாவின் கிரெடிட் பரிமாற்ற முறையான ஈசிடிஎஸ்-இல் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணிநேர உழைப்பு. அப்படியானால் 5 கிரெடிட் பாடத்துக்கு 125 முதல் 150 மணிநேரம் தேவை. அதை மூன்று வாரத்தில் முடிக்க வாரத்துக்கு 40 முதல் 50 மணிநேரம் வேண்டும். கால அட்டவணையில் பிற்பகல்கள் எல்லாம் நகர் உலாவாக இருக்கும்போது 5 கிரெடிட் தருவதாக விளம்பரம் சொன்னால், அதை விட்டுவிடுங்கள். மதிப்பீடு எப்படி நடக்கிறது, குழுத் திட்டம் உண்டா, கிரெடிட்டை வழங்குவது பல்கலைக்கழகமா அல்லது இடைத்தரகு நிறுவனமா ஆகிய மூன்றையும் பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் கேட்டுவிடுவது நல்லது. உங்கள் கல்லூரிக்கு அந்தப் பல்கலைக்கழகத்துடன் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால் கல்விக் கட்டணம் இல்லாமலேயே சேர வாய்ப்புண்டு. கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் விசாரிக்காமல் கட்டணத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

விசாவைப் பொறுத்தவரை, 90 நாளுக்கு உட்பட்ட பாடத்துக்கு ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான) குறுகியகால விசா போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. கோடையில் கூட்டம் மிகுவதால், சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த வாரமே நேரம் பதிவு செய்துவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு, பெற்றோரின் வங்கி ஸ்டேட்மென்ட், கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ், தடையில்லாச் சான்று ஆகியவை தேவைப்படும். டென்மார்க்கில் யூரோ புழங்குவதில்லை, குரோனர்தான். ஒரு யூரோ ஏறத்தாழ 7.46 குரோனர் என்ற அளவிலேயே நிற்கிறது. சமையலறை உள்ள விடுதி அறையாகப் பார்த்து எடுங்கள். வெளியில் சாப்பிட்டால் கையிருப்பு வெகுவிரைவில் கரைந்துவிடும்.

இனி, பலரும் தவறவிடும் பகுதிக்கு வருவோம். புறப்படுமுன் உங்கள் ஊரிலிருந்து ஒரே ஒரு கேள்வியை, எண்களோடு, எடுத்துச் செல்லுங்கள். விடுதியின் ஓராண்டு மின்கட்டண விவரமாக இருக்கலாம்; உங்கள் பேரூராட்சி நாளொன்றுக்குச் சேகரிக்கும் குப்பையின் எடையாகவும் இருக்கலாம். கையில் அந்த எண் இருந்தால்தான், அங்கே சொல்லப்படும் எண் பெரிதா சிறிதா என்பது புலப்படும்.

உதாரணமாக, கோபன்ஹேகனில் உள்ள அமாகர் பக்கே குப்பை எரியுலையை எல்லாத் திட்டங்களும் காட்டும். கூரைமேல் பனிச்சறுக்குச் சரிவு இருப்பதால் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் கீழே ஆலைக்குள் நடப்பதைப் பற்றிக் கேளுங்கள்: ஆண்டுக்குப் பல லட்சம் டன் குப்பையை எரிக்கும் அந்த ஆலைக்கு வரும் குப்பையின் ஈரப்பதம் என்ன, எரிவெப்பம் என்ன, நகரத்துக் குப்பை போதாதபோது எங்கிருந்து வருகிறது? கொடுங்கையூர் எரியுலைத் திட்டம் பற்றிய வாதங்களைக் கேட்டிருக்கும் சென்னை மாணவருக்கு இந்தக் கேள்விகளின் கனம் புரியும். பாதிக்குமேல் ஈரக்கழிவாக இருக்கும் நம் குப்பை அப்படியே எரியாது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். நீங்கள் போகும் ஜூலையில் யாருக்கும் அறை வெப்பம் தேவையில்லை. ஆலையில் உண்டாகும் வெப்பத்தைக் குழாய்வழியே வீடுகளுக்கு அனுப்புவதுதான் அந்த அமைப்பின் உயிர்நாடி என்பதால், ஜனவரி மாத இயக்க விவரத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

கோபன்ஹேகனை ஒட்டிய கடலில் வரிசையாக நிற்கும் மிடில்குருண்டன் காற்றாலைகள் 2000ஆம் ஆண்டு நிறுவப்பட்டவை. 20 விசிறிகள், மொத்தம் 40 மெகாவாட். முப்பந்தலைப் பார்த்த கண்ணுக்கு இது சிறியதாகத்தான் தெரியும். ஆனால் அவற்றில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கு வாங்கிய கூட்டுறவுக்குச் சொந்தம். என் கருத்தில், டென்மார்க்கில் கற்க வேண்டியது இயந்திரத்தை விட இந்த உடைமை முறையைத்தான். இயந்திரத்தை எங்கு வேண்டுமானாலும் விலைக்கு வாங்கலாம்.

பாடத்திட்டத்தில் கலுண்ட்போர் இல்லையென்றால், ஒரு வார இறுதியைச் செலவிட்டாவது நீங்களாகப் போய்வாருங்கள். தலைநகரிலிருந்து மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் உள்ள அந்தச் சிறு நகரில், 1970கள் தொட்டே ஒரு தொழிற்சாலையின் கழிவு மற்றொன்றின் மூலப்பொருளாகிவருகிறது. மின்நிலையப் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும்போது கிடைத்த ஜிப்சம் சுவர்ப்பலகை ஆலைக்குப் போனது இதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. நிலக்கரிக்குப் பதில் மரச்சில்லு எரிக்கும் புதிய அலகு வந்தபின் அந்த ஜிப்சத்துக்கு என்ன மாற்று என்று அங்குள்ளவர்களிடம் கேட்டுப்பாருங்கள். ஒரு தொழிற்சாலை மாறும்போது அடுத்தது எவ்வாறு சமாளிக்கிறது என்பதற்கு எந்தப் பாடநூலைவிடவும் தெளிவான விடை கிடைக்கும். அங்கிருந்தே படகேறி, 1997இல் அரசு நடத்திய போட்டியில் வென்று, புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறிய சாம்சோ தீவுக்கும் போகலாம். வைக்கோலை எரித்து ஊருக்கு வெப்பம் தரும் நிலையங்கள் அங்கே உண்டு.

சைக்கிளை வாடகைக்கு எடுக்குமுன் விதிகளை அறிந்துகொள்ளுங்கள். நிற்கப்போவதைக் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் செல்லும் நாடு என்பதால், சந்திப்பில் நேரடியாக இடப்பக்கம் திரும்பக் கூடாது. முதலில் நேரே கடந்து எதிர்மூலையில் நின்று, பிறகே திரும்ப வேண்டும். மீறினால் அபராதம். அதேபோல், காலி பாட்டிலை வீசிவிடாதீர்கள். கடைகளில் உள்ள இயந்திரத்தில் போட்டால் 1 முதல் 3 குரோனர் வரை திரும்பக் கிடைக்கும். நீலகிரியில் 2022இல் தொடங்கிய டாஸ்மாக் பாட்டில் திரும்பப்பெறும் திட்டத்தில் இதே வேலையை விற்பனையாளரே செய்ய வேண்டியிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு எழுதினால் நல்லதொரு குழுத் திட்டம் அமையும்.

பாடம் முடிந்ததும் மதிப்பெண் உடனே வராது, சில வாரங்கள் ஆகலாம். ஆகையால் கிளம்புமுன் பாட விவரக் குறிப்பு, மணிநேரக் கணக்கு, மதிப்பீட்டு முறை ஆகியவற்றைக் கையெழுத்துடன் பெற்று வாருங்கள். மதிப்பெண் பட்டியலை உங்கள் துறைக்கே நேரடியாக அனுப்பும்படி அங்குள்ள அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது, கிரெடிட் மாற்றத்துக்கான விண்ணப்பம் தேங்காமலிருக்க உதவும்.