அரசர் ஓவிய நகல் வாங்கும் முன் அளவைப் பாருங்கள்

பிரான்சின் பதினான்காம் லூயி மன்னரை இயசிந்த் ரிகோ 1701இல் தீட்டிய உருவப்படத்தின் கையால் வரைந்த எண்ணெய் வண்ண நகலை வாங்க நினைப்பவர்கள், விலையைக் கேட்பதற்கு முன் அளவைக் கேட்பது நல்லது. பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள மூலம் 277 செ.மீ. உயரமும் 194 செ.மீ. அகலமும் கொண்டது என்பதால், 90 செ.மீ. உயர நகலுக்கு 63 செ.மீ. அகலம் வேண்டும், கடைக்காரர் 90க்கு 60 என்றால், பக்கவாட்டில் படம் வெட்டப்படும், அல்லது மன்னர் சற்றே ஒல்லியாகிவிடுவார்.

அச்சிட்ட துணியின் மேல் நிறமற்ற பசையைத் தூரிகையால் இழுத்துவிட்டு, கையால் வரைந்தது என்று விற்பவர்களும் உண்டு. கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, மேலங்கியின் வெள்ளை மென்மயிர் உட்புறத்தைப் பாருங்கள். உண்மையான நகலில் அங்குள்ள சிறு கறுப்பு வால்களை ஒட்டியே தூரிகைத் தடம் திரும்பும். போலியில் தடம் ஒரு பக்கமும் உருவம் இன்னொரு பக்கமுமாகப் போகும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சேதான்.

சுருட்டி அனுப்பச் சொன்னால், வண்ணப் பக்கம் வெளியே இருக்குமாறு அகலமான குழாயில் சுற்றச் சொல்லுங்கள். தொட்டால் ஒட்டாத எண்ணெய் வண்ணமும் உள்ளே காய்ந்திருக்காது. ஆகவே வழக்கமான வார்னிஷ் பூச்சுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் பொறுக்க வேண்டும்.